முதுகுப்பாறையைத் திரும்பக் கடந்த கதை

சக்குபள்ளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாங்கள் செய்த முதல் காரியம், ரோட்டோரத்திலேயே பையைக் கவிழ்த்து ஸ்வெட்டரைத் தேடியதுதான். கீழே சமவெளியில், எங்கள் ஊர் சித்தூரில் விடியும் முன்னே கிளம்பும்போதே முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே மாலை நாலரை மணிக்கு மிருதுளாவுக்குப் பல் கிட்டியது. எட்டு வயதுக்காரி, குளிர் என்றால் என்னவென்று முதல் தடவையாகப் பார்க்கிறாள். பெரியவள் தாரணிக்குப் பதினாறு. குளிரவில்லை என்று சாதித்தபடி கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள்.

எனக்கு சித்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுவட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் எந்தப் பம்புசெட் எரிந்தாலும் என் கடைக்கு வரும். சரஸ்வதி பூஜைக்கு டூல்ஸையெல்லாம் சாமி முன்னால் அடுக்கி வைத்துவிட்டால் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. வருடத்தில் எனக்கு உண்மையான விடுமுறை என்றால் அதுதான். இந்த முறை பூஜை எடுக்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு மூன்று நாள் கிளம்பியதற்குக் காரணம் என் மனைவி கலாமணி. அவளும் ஜெபராணியும் டீச்சர் டிரெயினிங் படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை. ஜெபராணி பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். இப்போது சக்குபள்ளம் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது எங்களால் போக முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம்.

ஜெபராணியின் கணவர் செல்வராஜ் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். பஸ் நின்ற இடத்திலிருந்து வீடு வரை அந்த ஜீப்பில்தான் போனோம். பாதை என்று சொல்ல முடியாது, கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு வளைவில் பின்சக்கரம் சுழன்று வண்டி பின்னால் நழுவியது. செல்வராஜ் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே என்னிடம் சித்தூர்ப் பக்கம் கள்ளு இப்போது எப்படி என்று விசாரித்தார். நான் மேல்கம்பியைப் பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

இரவுச் சாப்பாடு வேகவைத்த கப்பையும் மத்திக் குழம்பும். எங்கள் பக்கம் இந்த மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். ஒரே கிழங்குதான், இங்கே வாயில் வெண்ணெயாகக் கரைந்தது. கலாமணி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதுதான் ஜெபராணி முதுகுப்பாறையைப் பற்றிச் சொன்னார். தோட்டத்துக்கு மேலே புல்மேடு, அதற்கும் மேலே ஒரு உச்சி. அங்கே நின்றால் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். சிறு வயதில் சொந்தக்காரர்களோடு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாராம். பிள்ளைகள் இரண்டும் அப்போதே போக வேண்டும் என்றன. நானும் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது. நாலு வருடமாக யாரிடமும் சொல்லாத காரணம் என்பதால் அன்றும் சொல்லவில்லை.

மறுநாள் செல்வராஜ் ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு எங்களுக்காகத் திரும்பி வரவே எட்டரை ஆகிவிட்டது. தோட்டத்து கேட்டில் எங்களை இறக்கிவிட்டு, இரண்டு மணிக்கு அதே இடத்துக்கு வருவதாகச் சொல்லிப் போனார். நான், கலாமணி, இரண்டு பெண்கள், வழிகாட்ட ஜெபராணி டீச்சர், ஆக ஐந்து பேர். கேட்டில் நின்ற மேஸ்திரி மலையாளி, வயதானவர். எங்கள் சாப்பாட்டுப் பையைப் பார்த்துவிட்டு ஜெபராணியிடம் மலையாளத்தில் பேசினார். மத்தியானத்துக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம், நேற்றும் முந்தாநாளும் இரண்டு மணிக்கு முன்னாலேயே இடி தொடங்கிவிட்டது என்றார். அதற்குள் இறங்கிவிடுவோம் என்று ஜெபராணி சொன்னார்.

ஏலச்செடி என்றால் இடுப்பளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆள் உயரத்துக்கு மேலே இருபுறமும் வளர்ந்து, அதற்கு மேலே பெரிய மரங்கள் மூடி, பகலிலேயே மங்கலாக இருந்தது. காலில் புகையிலையும் உப்பும் தேய்த்திருந்தும் அட்டைகள் விடவில்லை. மிருதுளா ஒவ்வொரு அட்டைக்கும் நின்றாள். அவள் காலைத் தூக்கிக் காட்ட, கலாமணி உப்பைப் போட, அது சுருண்டு விழும்வரை எல்லோரும் காத்திருக்க, அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. புல்மேட்டுக்கு வந்தபோது வெளிச்சம் திடீரென்று கண்ணில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய் மஞ்சு இறங்கியது. மூடுபனியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். முன்னால் போகும் தாரணியின் சிவப்புப் பை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த மஞ்சுக்குள் ஓரிடத்தில் ஜெபராணி எங்களை நிறுத்தினார். ஒரே வரிசையாகத் தன் பின்னாலேயே வர வேண்டும், பக்கவாட்டில் கால் வைக்கக்கூடாது என்றார். மிருதுளாவின் கையைத் தானே பிடித்துக்கொண்டார். காலடியில் கரும்பாறை, முதுகுப்பாறை என்பது இதுதான். முதலில் ஒரு கட்டில் அகலம் இருந்தது, நடுவில் எருமை முதுகு மாதிரி குறுகி, மறுபடி அகன்றது. மொத்தம் முப்பது முப்பத்தைந்து அடி இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளையாக எதுவுமே இல்லை. எங்கள் ஊர் வயல் வரப்பில் நடப்பதுபோல நான் சாதாரணமாக நடந்து போனேன். வரப்புக்கு அந்தப் பக்கம் சேறு இருக்கும், இங்கே புல் இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

உச்சியில் நாலைந்து குடும்பம் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. பன்னிரண்டேகால் மணி. வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறும் அவித்த முட்டையும் தேங்காய்த் துவையலும் சாப்பிட்டோம். பத்து நிமிடத்தில் கிளம்புவோம் என்றார் ஜெபராணி. அப்போதுதான் காற்று திரும்பியது. யாரோ போர்வையை உருவுவதுபோல மஞ்சு மொத்தமும் விலகிப் போனது.

தாரணி எழுந்து நின்று போனை நீட்டினாள். கீழே, நம்ப முடியாத ஆழத்தில், கம்பம் பள்ளத்தாக்கு கிடந்தது. திராட்சைப் பந்தல்கள் கட்டம் கட்டமாக, குளங்கள் கண்ணாடித் துண்டுகளாக, ரோட்டில் ஒரு பஸ் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவில். கலாமணி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. நான் பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. திரும்பி, வந்த வழியைப் பார்த்தேன்.

நாங்கள் நடந்து வந்தது வரப்பு அல்ல. இரண்டு மலைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்த சுவர். இடது பக்கம் தோட்டத்து மரங்களின் உச்சிகள் பாசிபோலக் கீழே தெரிந்தன. வலது பக்கம் மரம்கூட இல்லை, பாறை அப்படியே செங்குத்தாக இறங்கித் தமிழ்நாட்டில்தான் போய் முடிந்தது. அதன் மேல் என் இளைய மகள் கொஞ்சம் முன்னால் தத்தித் தத்தி நடந்து வந்திருக்கிறாள்.

உள்ளங்கையில் வியர்வை கொட்டியது. உட்கார்ந்தேன், பிறகு பாறையில் கையை ஊன்றினேன், பிறகு அந்தக் கையை எடுக்க முடியவில்லை.

நாலு வருடத்துக்கு முன் ஒரு தோப்பில் கிணற்று மோட்டாரைத் தூக்க இறங்கினேன். ஐம்பது அடிக் கிணறு, தண்ணீர் வற்றிப்போன கோடை. பாதியில் படிக்கல் ஒன்று பெயர்ந்து கீழே போனது. நான் பைப்பைப் பிடித்துத் தொங்கினேன். மேலிருந்து கயிறு விடும்வரை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. காயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டேன். அதன் பிறகு நான் எந்தக் கிணற்றிலும் இறங்கியதில்லை, கடையில் பரண் மேல் இருக்கும் கம்பிச் சுருளை எடுக்கக்கூட ஏணியில் ஏறியதில்லை. இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

கிளம்பலாம் என்று ஜெபராணி சொன்னபோது எழ முயன்றேன். பாறை தொடங்கும் இடம் வரை தவழ்ந்து வந்துவிட்டேன். அதற்கு மேல் உடம்பு கேட்கவில்லை. தாரணி முதலில் சிரித்தாள். வெறும் முப்பது அடிதானே, வாங்கப்பா என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெபராணி என் முன்னால் குனிந்து, தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "கீழ பாக்காதீக அண்ணே. என் முதுக மட்டும் பாத்துட்டு வாங்க." நான் அவர் தோளைப் பிடித்த பிடியில் அவரே தள்ளாடினார். கையை எடுத்துவிட்டேன். நான் விழுந்தால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவேன் என்பது இருவருக்கும் புரிந்தது.

கிழக்கே முதல் இடி அப்போது கேட்டது. தூரத்தில் லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல. பள்ளத்தாக்குக்கு மேலே நீலமாக இருந்த இடத்தில் கருமேகம் ஒன்று நிமிர்ந்து நின்றது.

எனக்குக் கரண்டைப் பற்றித் தெரியும். இடி இறங்கிய மோட்டார்களை எத்தனையோ பிரித்திருக்கிறேன். உள்ளே காயில் இருந்த இடத்தில் கரிதான் இருக்கும். இந்த மொட்டைப் பாறையில் எல்லாவற்றையும்விட உயரமாக இருப்பது நாங்கள்தான். கலாமணியிடம் பிள்ளைகளை உடனே அக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அந்தப் பக்கம் மேட்டில் நிற்க வேண்டாம், புல் பள்ளமாக இருக்கும் இடத்தில் காலைச் சேர்த்துக் குத்தவைத்து உட்காருங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள் என்றேன். அப்படியானால் நீங்கள் என்று கேட்டாள். செல்வராஜ் ஆட்களோடு வரட்டும், நான் இருக்கிறேன் என்றேன். அவள் மிருதுளாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு யோசித்து இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு பேரும் போவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன்னால் ஜெபராணி, பிறகு மிருதுளா, அவள் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்துக் கலாமணி, கடைசியில் தாரணி. எருமை முதுகுக்கு வந்தபோது நால்வரும் உட்கார்ந்து, கால்களை இருபுறமும் தொங்கப்போட்டு நகர்ந்தார்கள். நடுவில் மிருதுளா என்னைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். ஒரு கையை எடுத்துவிட்டு அசைத்தாள். அவர்கள் அக்கரையில் புல்லுக்குள் இறங்கி மறைந்ததும் வாந்தி எடுத்தேன்.

பிறகு நான் மட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ண ஆரம்பித்தேன். முதலில் பதினைந்து வரை எண்ண முடிந்தது. அடுத்தது பன்னிரண்டு. காற்று குளிர்ந்து மண் வாசனை வந்தது. இந்த இடத்தில் செத்துப்போனால் என்னை எப்படிக் கீழே கொண்டுபோவார்கள் என்று யோசித்தேன். பூஜைக்கு வைத்த டூல்ஸைத் தம்பி எடுத்தாலும் இனி அதை யார் பிடிப்பார்கள் என்று யோசித்தேன். எட்டு.

தலையைத் தூக்கியபோது கலாமணி பாறை மேல் கையும் காலுமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். முதல் மழைத்துளிகள் பாறையில் வட்டம் வட்டமாக விழுந்தன. பக்கத்தில் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா? பிள்ளைக ரெண்டையும் உட்டுட்டு..." என்றேன்.

"ஜெபா இருக்கா. நீங்க சொன்ன மாதிரியே உக்காத்தி வெச்சிருக்கா. என்னாச்சுங்க உங்களுக்கு? அத மட்டும் சொல்லுங்க."

கிணற்றைப் பற்றிச் சொன்னேன். நாலு வருடம் சொல்லாததை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

"ஊட்டுல சொல்லோணும்னு தோணவே இல்லீங்களா? இடுப்பு வலின்னு நான் தைலம் தேச்சு உட்டுட்டு இருந்தனே."

அடுத்த மின்னலுக்கு ஆறுதான் எண்ண முடிந்தது. அவள் அதை நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டாள். எழுந்து என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பதினெட்டு வருடமாக என் டி.வி.எஸ். வண்டியில் அவள் அப்படித்தான் உட்கார்ந்து வருகிறாள். துப்பட்டாவால் இருவரையும் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

கட்டில் அகலத்தை அவள் பின்னால் தவழ்ந்து கடந்தேன். குறுகிய இடம் வந்ததும் இருபுறமும் காலைப் போட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தேன். என் நெற்றி அவள் முதுகில் பதிந்திருந்தது. அவள் கைகளை முன்னால் ஊன்றி உடம்பை ஒரு சாண் நகர்த்துவாள். "இப்பங்க" என்பாள். நான் ஒரு சாண் நகர்வேன். மழை பிடித்துக்கொண்டது. பாறை வழுக்க ஆரம்பித்தது. என் வலது செருப்பு கழன்று போனது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கேட்காததுதான் பயங்கரமாக இருந்தது.

பாதியில் உலகமே வெளுத்தது. மூடிய இமைக்குள்ளேயே வெளிச்சம் தெரிந்தது. எண்ணவே நேரம் இல்லை. சத்தம் காதில் அல்ல, தொடைக்குக் கீழே பாறையில் கேட்டது. இருவரும் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டோம். அவள் முதுகு என் முகத்துக்குக் கீழே அடித்துக்கொண்டது. மழையிலும் மேகத்திலும் பள்ளம் மறைந்திருக்கும், கண்ணைத் திறந்தாலும் காலையில் பார்த்த அதே வெள்ளைதான் தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். பலிக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

"இப்பங்க" என்றாள். குரல் மாறவே இல்லை. நகர்ந்தேன்.

புல் கையில் பட்டபோது அதைப் பிடுங்குகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டேன். ஜெபராணி பள்ளத்தில் பிள்ளைகள் இருவரையும் அணைத்தபடி குத்தவைத்து, உரக்க ஜெபம் செய்துகொண்டிருந்தார். தாரணி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் வரவில்லை. மிருதுளாதான் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, அட்டை கடிக்குமே என்று கவலைப்பட்டாள்.

இறங்கியது முழுக்கத் தண்ணீரோடு தண்ணீராக. ஏலத்தோட்டத்துக்குள் பாதி தூரத்தில் செல்வராஜ் நீலத் தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு எங்களைத் தேடி ஏறி வந்தார். மிருதுளாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் பால் இல்லாத கட்டன் சாயா குடிக்கும்போது ஜெபராணி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கே போய் இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம். அவர் நினைவில் அந்தப் பாறை இன்னும் அகலமாக இருந்ததாம். மஞ்சுக்குள் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது, ஆனால் பாதிக்கு வந்த பிறகு சொன்னால் எல்லோரும் பயந்துவிடுவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு போனவன்தானே.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. சமையலறையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கலாமணியின் கை திடீரென்று நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது. வாங்கிக் கீழே வைத்தேன். நடுக்கம் கையிலிருந்து தோளுக்குப் போய் உடம்பு முழுவதும் உதறியது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இருவருடைய பாரத்தையும் அந்தக் கைகள்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன. எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டேன்.

"நீங்க கண்ண மூடிட்டீங்க" என்றாள். "நாந்தானுங்க எல்லாத்தையும் பாத்தது."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம் என்று சொன்னாள். எங்கே போனாலும் ஜன்னலுக்குப் பிள்ளைகளோடு சண்டை போடுகிறவள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எங்களுக்கு முன்சீட்டில். பீர்மேட்டைத் தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியது. கலாமணி கண்ணை இறுக மூடி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் உள்ளங்கையில் வியர்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

வெளியே என்ன இருக்கிறது என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

தேயிலை என்றேன். லயத்து வாசலில் துணி காயப்போட்டிருக்கிறார்கள், நிறைய மஞ்சள் துணி. ஒரு அம்மா கோழிக்குத் தீனி போடுகிறார். இப்போது ஒரு சர்ச், வெள்ளை நிறம். இப்போது ஒரு ஜீப் நமக்கு வழிவிட்டு நிற்கிறது. சமவெளி வரும்வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்குக் கீழே பள்ளம் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.